தெருவில் தூங்கும் குழந்தை!
கோபன்ஹேகன் நகரில் குடியேறிய அமெரிக்கக் குடும்பங்களின் கதை

குளிர்காலம். தெருவோரம் ஒரு காப்பிக் கடை. கடை வாசலில் நான்கு தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கைக்குழந்தை! கம்பளிக்குள் புதைந்து, மூக்கு மட்டும் தெரிய, அயர்ந்து தூங்குகிறது.

பெற்றவர்கள் எங்கே? கடைக்கு உள்ளே! கதகதப்பாக உட்கார்ந்து காப்பி குடித்துக் கொண்டிருக்கிறார்கள்.

டென்மார்க் நாட்டின் தலைநகரம் கோபன்ஹேகன். அங்கே இது அன்றாடக் காட்சி. குளிர்ந்த காற்றில் குழந்தை நன்றாகத் தூங்கும், உடம்புக்கும் நல்லது என்பது அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை. குழந்தைகள் காப்பகத்திலும் மதியத் தூக்கம் வெளியில்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே என்ற பயம் அவர்களுக்கு வருவதே இல்லை.

இந்தப் பழக்கத்தை ஒரு டென்மார்க் தாய் 1997-ம் ஆண்டு நியூயார்க்குக்குக் கொண்டு போனார். ஓர் உணவு விடுதிக்கு வெளியே, 14 மாதக் குழந்தையைத் தள்ளுவண்டியில் விட்டுவிட்டு உள்ளே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். தெருவில் போனவர்கள் பதறிவிட்டார்கள். போலீசார் வந்தார்கள். தாயையும், குழந்தையின் தகப்பனையும் கைது செய்தார்கள். குழந்தையை அரசாங்கம் எடுத்துப் போய் வேறு இடத்தில் வைத்தது. தாயின் கைக்குத் திரும்பி வரச் சில நாட்கள் ஆயின. வழக்கு பிறகு கைவிடப்பட்டது.

அங்கே குற்றம், இங்கே வழக்கம்!

இப்போது கதையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அந்த நியூயார்க்கிலே பிறந்து வளர்ந்த ஒரு தாய், கோபன்ஹேகனுக்குக் குடி வருகிறாள். தோழிகளோடு காப்பிக் கடைக்குப் போகிறாள். எல்லாரும் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். அவள் என்ன செய்வாள்?

முதல் மாதம் அவள் வாசலிலேயே நிற்பாள். அப்புறம் ஜன்னல் ஓரத்து மேஜையைத் தேடுவாள். ஒரு நாள், தன்னை அறியாமல், முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து விடுவாள். அன்றைக்குத்தான் அவள் அந்த ஊர்க்காரி ஆகிறாள்.

ஆனால் அந்த ஊர் அவளைத் தன்னவள் என்று ஏற்றுக்கொள்கிறதா? அவளைப் பெற்ற நாடு அவளை விட்டுவிடுகிறதா? கோபன்ஹேகனில் வாழும் அமெரிக்கக் குடும்பங்களின் கதை முழுவதும் இந்த இரண்டு கேள்விகளில் அடங்கி இருக்கிறது.

மஞ்சள் அட்டை

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக் கொள்வோம். கணவன், மனைவி, ஆறு வயதுப் பையன், ஒரு கைக்குழந்தை. கணவனுக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. அந்த வேலைக்காகத்தான் கடல் கடந்து வந்தார்கள்.

வந்ததும் முதல் காரியம், ஒரு நம்பர் வாங்க வேண்டும். பத்து இலக்கம். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. 1968-ம் ஆண்டு முதல் டென்மார்க்கில் எல்லாருக்கும் இந்த நம்பர் உண்டு. அது இல்லாவிட்டால் அங்கே மனிதன் இல்லாத மாதிரிதான்! பாங்கிக் கணக்கு, சம்பளம், பள்ளிக்கூடம் எல்லாம் அதை வைத்துத்தான் நடக்கும்.

நம்பர் வந்ததும் ஒரு மஞ்சள் அட்டை வரும். அதில் ஒரு டாக்டரின் பெயர் இருக்கும். அவர்தான் அந்தக் குடும்பத்தின் டாக்டர். காய்ச்சல் என்று அவரிடம் போனால் பணம் இல்லை. அவர் எழுதிக் கொடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கும் பணம் இல்லை. பிரசவத்துக்குப் பணம் இல்லை. குழந்தைகளின் பல்லுக்கும் இலவச வைத்தியம். பெரியவர்கள் மட்டும் பல் டாக்டருக்குப் பணம் கட்ட வேண்டும். கடையில் வாங்கும் மருந்துக்கும் ஒரு பங்கு கட்ட வேண்டும்.

அமெரிக்கனுக்கு இது எப்படி இருக்கும் தெரியுமா? அவன் ஊரில் பெரும்பாலோருக்கு வைத்திய இன்ஷூரன்ஸ் வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது. வேலை போனால் இன்ஷூரன்சும் ஆட்டம் காணும். இன்ஷூரன்ஸ் இருந்தாலும் பில் வரும். தபாலில் உறை வந்தாலே நெஞ்சு படபடக்கும். கோபன்ஹேகனுக்கு வந்த புதிதில், ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும்போது பணம் கட்டும் ஜன்னலைத் தேடிக் கொண்டு நிற்கும் அமெரிக்கர்கள் உண்டு. அப்படி ஒரு ஜன்னலே இல்லை என்பதை நம்ப அவர்களுக்குக் கொஞ்ச நாள் ஆகிறது.

பிள்ளை பெற்ற வீட்டுக்கு லீவு விஷயத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் 1993-ம் ஆண்டு சட்டப்படி 12 வாரம் லீவு உண்டு. சம்பளம் கிடையாது. 50 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கம்பெனி என்றால் அந்தச் சட்டமும் அதைக் கட்டுப்படுத்தாது. சில மாநிலங்கள் தாமாகவே உதவித் தொகை கொடுக்கின்றன. மற்ற இடங்களில் முதலாளி மனம் வைத்தால் உண்டு. பச்சை உடம்போடு வேலைக்கு ஓடும் தாய்மார்கள் அங்கே ஏராளம்.

டென்மார்க்கில் 2022-ம் ஆண்டு சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யும் தாய்க்கும் தந்தைக்கும், பிள்ளை பிறந்த பிறகு ஆளுக்கு 24 வாரம் உதவித் தொகையோடு லீவு. பிரசவத்துக்கு முன்பு தாய்க்கு இன்னும் 4 வாரம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தந்தையின் பங்கில் 11 வாரத்தை மனைவிக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. அவர் எடுக்காவிட்டால் வீண்! அதனால்தான் பட்டப்பகலில் பூங்காவில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் மீசைக்கார அப்பாக்களைக் கோபன்ஹேகனில் பார்க்கலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

மரத்திலா காய்க்கிறது? சம்பளத்திலிருந்துதான். சாதாரணச் சம்பளக்காரரிடமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரியாகப் போகிறது. பெரிய சம்பளம் வாங்கினால், மேல்தட்டுப் பணத்தில் பாதிக்கு மேல் அரசாங்கத்துக்கு. கடையில் வாங்கும் பெரும்பாலான சாமான்களுக்கும் 25 சதவீத விற்பனை வரி.

வெளிநாட்டு நிபுணர்களை வரவழைக்க டென்மார்க் ஒரு சலுகை வைத்திருக்கிறது. நல்ல சம்பளத்துக்கு வருபவர்கள் ஏழு ஆண்டு வரை 27 சதவீத வருமான வரியும், அதோடு தொழிலாளர் நிதிக்கு 8 சதவீதமும் கட்டினால் போதும். ஏழு ஆண்டு முடிந்ததும் ஊரார் வரி. வந்த குடும்பங்களில் பலவும் "இருப்பதா, போவதா?" என்று பேச ஆரம்பிப்பது அந்த ஏழாவது ஆண்டில்தான்.

அமெரிக்கன் கார் இல்லாமல் வாழ மாட்டான். டென்மார்க்கில் கார் வாங்கப் போனால் தலை சுற்றும். காரின் விலைக்கு மேல் பதிவு வரி. விலை ஏற ஏற அந்த வரியும் 25, 85, 150 சதவீதம் என்று படி ஏறும். மின்சாரக் காருக்குச் சலுகை உண்டு.

ஆகவே அந்தக் குடும்பம் சைக்கிளுக்கு மாறுகிறது. அது சாதாரண சைக்கிள் அல்ல. மூன்று சக்கரம். முன்னால் ஒரு பெரிய மரப் பெட்டி. நம் சென்னையில் ஓடும் மீன்பாடி வண்டியைப் போல என்று சொல்லலாம். பெட்டிக்குள் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவோ அப்பாவோ பின்னால் மிதிப்பார்கள். 1984-ல் கோபன்ஹேகனிலேயே கிறிஸ்டியானியா என்ற பகுதியில் செய்ய ஆரம்பித்த வண்டி இது. மழையிலும் பனியிலும் இதில்தான் பள்ளிக்கூடம். மந்திரியும் சைக்கிளில் போகிற ஊர். அதனால் கார் இல்லையே என்ற வெட்கம் சீக்கிரம் போய்விடுகிறது.

குழந்தைகள் காப்பகத்தின் செலவில் பெற்றோர் கட்டுவது அதிகம் போனால் நாலில் ஒரு பங்கு. மற்றதை நகரசபை கொடுக்கிறது. வேலை நேரம் வழக்கமாக வாரத்துக்கு 37 மணி. ஆண்டுக்கு ஐந்து வாரம் சம்பளத்தோடு லீவு. மாலை நான்கு மணிக்கு அப்பா பிள்ளையை அழைத்துவரக் கிளம்பினால், எந்த மானேஜரும் முறைத்துப் பார்ப்பதில்லை. டாலர் கணக்கில் சம்பளம் குறைந்துவிட்டது என்று முணுமுணுக்கும் கணவன், மாலைச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கிறான். இந்தக் கணக்கை எந்த வரி ஆபீசும் போட்டுக் காட்டுவதில்லை.

பையன் மாறுகிறான்

ஆறு வயதுப் பையன் பள்ளிக்கூடம் போகிறான். வாத்தியாரை வாத்தியார் என்று கூப்பிடக் கூடாது! பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குக் கறுப்பு ரொட்டி. அதாவது ரை என்ற தானியத்தின் ரொட்டி. அமெரிக்கப் பையன் முதல் வாரம் அதைத் தொட மாட்டான். மூன்றாவது மாதம் அவன் அம்மா வெள்ளை ரொட்டி வைத்தால் கோபித்துக் கொள்வான்.

அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் ஒரு பயிற்சி உண்டு. துப்பாக்கிக்காரன் உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வது என்று சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். விளக்கை அணைத்து, கதவைத் தாளிட்டு, மூலையில் சத்தம் போடாமல் உட்கார வேண்டும். கோபன்ஹேகனுக்கு வந்த தாய்மார்களிடம் ஏன் திரும்பிப் போகவில்லை என்று கேட்டால், வரியையும் லீவையும் பற்றிப் பேசுவதற்கு முன் பலர் இதைத்தான் சொல்கிறார்கள். டென்மார்க்கில் அசம்பாவிதமே இல்லை என்று சொல்ல முடியாது. 2022 ஜூலையில் கோபன்ஹேகனில் ஒரு பெரிய கடை வளாகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று பேர் இறந்தார்கள். ஆனால் அது நாட்டையே உலுக்கிய சம்பவம். அன்றாடக் கவலை அல்ல.

பையனுக்கு டேனிஷ் மொழி ஓராண்டில் வந்துவிடுகிறது. அம்மாவுக்கு வருவதில்லை. அந்த மொழியில் பாதி எழுத்துக்களை விழுங்கிவிடுவார்கள். அவள் கஷ்டப்பட்டு ஒரு வாக்கியம் பேசினால், எதிரில் இருப்பவர் உடனே நல்ல இங்கிலீஷில் பதில் சொல்லிவிடுவார். உதவி செய்வதாக அவருக்கு எண்ணம். கதவைச் சாத்தியது போல அவளுக்கு வருத்தம்.

டென்மார்க்காரர்கள் நல்லவர்கள். ஆனால் சுலபமாக நண்பர்கள் ஆக மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த சிநேகிதம் கிழவர் ஆகும்வரை தொடரும். அந்த வட்டத்துக்குள் புதிதாக நுழைவது கஷ்டம். அமெரிக்காவில் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவது மரியாதை. இங்கே பேசாமல் இருப்பதுதான் மரியாதை! டிசம்பர் மாதத்தில் சூரியன் காலை எட்டு மணிக்கு மேல் உதிக்கும். மாலை நாலு மணிக்குள் மறைந்துவிடும். அந்த இருட்டில், கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் தாய்க்கு, தொலைபேசியில் வரும் பாட்டியின் முகம்தான் துணை.

நவம்பர் மாதம் அமெரிக்கர்களுக்கு நன்றி கூறும் பண்டிகை. வியாழக்கிழமை. டென்மார்க்கில் அன்று லீவு இல்லை. ஆகவே சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்து, அமெரிக்கக் குடும்பங்கள் ஒன்று கூடி வான்கோழி சமைக்கிறார்கள். பிப்ரவரியில் டென்மார்க் பிள்ளைகள் வேஷம் கட்டி, தொங்கும் மரப் பீப்பாயைத் தடியால் அடித்து உடைக்கும் பண்டிகை. பையனுக்கு அதுதான் பெரிய பண்டிகை ஆகிவிட்டது. கிறிஸ்துமஸ் இரவு பாயசம் போன்ற அரிசிப் பண்டம் ஒன்று உண்டு. அதில் ஒரே ஒரு முழு பாதாம் பருப்பு ஒளிந்திருக்கும். கிடைத்தவருக்குப் பரிசு. அமெரிக்கப் பாட்டி விருந்துக்கு வந்தபோது பருப்பு தன் தட்டில்தான் கிடைக்க வேண்டும் என்று பையன் டேனிஷ் மொழியில் அடம் பிடிக்கிறான். பாட்டிக்குப் புரியவில்லை. தாய் மொழிபெயர்க்கிறாள்.

கடல் தாண்டி நீளும் கை

ஒரு நாட்டை விட்டுப் போய் வேறு நாட்டில் சம்பாதித்தால், அந்த நாட்டில் வரி கட்டுவதுதான் உலக வழக்கம். அமெரிக்கா அப்படி அல்ல. அமெரிக்கக் குடிமகன் எங்கே இருந்தாலும் ஆண்டுதோறும் தாய்நாட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். 1860-களில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் முளைத்த வழக்கம் இது. இப்படிச் செய்யும் இன்னொரு நாடு ஆப்பிரிக்காவில் உள்ள எரித்ரியா!

கணக்குக் காட்டினால் வரி கட்ட வேண்டும் என்று இல்லை. 2025-ம் ஆண்டு வருமானத்தில் 1 லட்சத்து 30 ஆயிரம் டாலர் வரை சம்பளத்துக்கு விலக்குக் கேட்கலாம். டென்மார்க்கில் கட்டிய வரியையும் கழித்துக் கொள்ளலாம். ஆகவே பலருக்குக் கடைசியில் ஒரு டாலரும் வராது. ஆனாலும் பத்திரங்களை நிரப்பியே தீர வேண்டும். நிரப்பிக் கொடுக்கும் கணக்கருக்குக் கூலி தர வேண்டும். வெளிநாட்டுப் பாங்கிகளில் மொத்தம் 10 ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தால் அதற்குத் தனிப் பத்திரம். 2010-ம் ஆண்டு வந்த ஒரு சட்டம், அமெரிக்கர்களின் கணக்கு விவரங்களை வெளிநாட்டுப் பாங்கிகளே சொல்ல வேண்டும் என்றது. "அமெரிக்கரா? வேண்டாம் ஐயா!" என்று ஐரோப்பாவில் சில பாங்கிகள் அவர்களைத் தட்டிக்கழித்ததும் உண்டு.

வேண்டாம் என்று குடியுரிமையை விட்டுவிடலாமே? அதற்கும் கட்டணம் உண்டு. 450 டாலராக இருந்ததை 2014-ம் ஆண்டு 2,350 டாலராக உயர்த்தினார்கள்! வரச் செலவு இல்லாத வீட்டில் வெளியே போகச் செலவு.

கறுப்பு நட்சத்திரம்

2025-ம் ஆண்டு இந்தக் குடும்பங்களுக்கு இரண்டு அடி விழுந்தது.

ஒன்று, கிரீன்லாந்து விவகாரம். உலகத்திலேயே பெரிய தீவு அது. டென்மார்க் அரசின் கீழ், தன்னாட்சியோடு இருக்கிறது. 1951-ம் ஆண்டு ஒப்பந்தப்படி அங்கே அமெரிக்கப் படைத்தளமும் உண்டு. 2019-ல் ஜனாதிபதி டிரம்ப் அந்தத் தீவை விலைக்கு வாங்கப் பேசினார். அது அபத்தம் என்றார் டென்மார்க் பெண் பிரதமர் மெத்தே பிரடெரிக்சன். டிரம்ப் தம் டென்மார்க் பயணத்தையே ரத்து செய்தார். 2025-ல் மறுபடியும் பதவிக்கு வந்ததும் அதே பேச்சு, இன்னும் பலமாக. மார்ச் மாதம் துணை ஜனாதிபதி வான்ஸ் கிரீன்லாந்து படைத்தளத்துக்கே போய் வந்தார்.

டென்மார்க் மக்கள் கொதித்தார்கள். அமெரிக்கச் சாமான்களை வாங்காதே என்ற பேச்சு பரவியது. நாட்டின் மிகப் பெரிய மளிகைக் கடைக் கம்பெனியான சாலிங், ஐரோப்பியக் கம்பெனிகளின் பொருள்களுக்கு விலைச் சீட்டில் ஒரு கறுப்பு நட்சத்திரம் போட்டது. நட்சத்திரத்தைப் பார்த்து ஊரார் வாங்கினார்கள். நட்சத்திரம் இல்லாத பாட்டிலைக் கூடையில் போடும் அமெரிக்கத் தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள்! யாரும் திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஆனால் கடைக்குள் அவள் பையனோடு இங்கிலீஷில் மெதுவாகப் பேசுகிறாள்.

இரண்டு நாட்டுக்கும் நேற்று இன்றைய உறவு அல்ல. 19-ம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் சுமார் 3 லட்சம் டென்மார்க்காரர்கள் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்கள் பணம் சேர்த்து, சொந்த நாட்டில் ரேபில்ட் என்ற இடத்தில் ஒரு குன்றுப் பகுதியை வாங்கிக் கொடுத்தார்கள். அங்கே 1912 முதல், ஜூலை 4-ந் தேதி, அமெரிக்கச் சுதந்திர நாள் கொண்டாடப்படுகிறது. உலகப் போர்க் காலங்களில் நின்றது. அந்த நட்பில் விழுந்த கீறல் இது.

இரண்டாவது அடி வேலையில். நோவோ நார்டிஸ்க் என்ற பெரிய மருந்துக் கம்பெனி கோபன்ஹேகன் பக்கத்தில் இருக்கிறது. இன்சுலினால் வளர்ந்தது. உடல் எடையைக் குறைக்கும் ஊசியால் உலகப் புகழ் பெற்றது. அதை நம்பி வெளிநாட்டினர் பலர் வந்தார்கள். 2025 செப்டம்பரில் அந்தக் கம்பெனி 9,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதில் சுமார் 5,000 பேர் டென்மார்க்கில் உள்ளவர்கள்.

டென்மார்க்காரருக்கு வேலை போனால் வருத்தம்; சமாளித்துக் கொள்ளலாம். மஞ்சள் அட்டை கையில் இருக்கிறது. அமெரிக்கனுக்கு அப்படி அல்ல. அவன் அந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதியே அந்த வேலையை வைத்துத்தான். குறித்த காலத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். மனைவி மக்களின் அனுமதியும் அவனுடைய அனுமதியில்தான் தொங்குகிறது. தாய்நாட்டில் வேலை போனால் வைத்தியம் போகும் என்று பயந்தான். இங்கே வேலை போனால் வீடு, பள்ளிக்கூடம், ஊர் எல்லாமே போகும்!

பிறந்த பிள்ளை எந்த நாடு?

கைக்குழந்தை கோபன்ஹேகனில் பிறந்தது. அப்படியானால் டென்மார்க் பிரஜைதானே? இல்லை! பெற்றோரில் ஒருவராவது டென்மார்க்காரராக இருக்க வேண்டும். மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது. அமெரிக்காவைக் கண்ணால் பார்க்காத குழந்தை, பெற்றோரால் அமெரிக்கக் குடிமகள்.

டென்மார்க் குடியுரிமை வேண்டுமானால் பொதுவாக ஒன்பது ஆண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மொழிப் பரீட்சை, சரித்திரப் பரீட்சை எல்லாம் தேற வேண்டும். கடைசியில் பெயர் பார்லிமெண்டுக்குப் போகும். குடியுரிமை பெறுவோர் பெயர்களை ஒரு சட்டமாகவே நிறைவேற்றுகிறார்கள். அப்புறம் ஒரு விழா. 2019 முதல், அந்த விழாவில் அதிகாரியோடு கைகுலுக்க வேண்டும் என்பதும் சட்டம்.

முன்பெல்லாம் டென்மார்க் பிரஜையாவதற்குப் பழைய நாட்டை விட்டுவிட வேண்டும். 2015 செப்டம்பர் 1 முதல் இரண்டையும் வைத்துக்கொள்ள அனுமதி. அதனால் பல அமெரிக்கக் குடும்பங்கள் இன்றைக்கு இரட்டைக் குடியுரிமையை நோக்கி நாட்களை எண்ணிக் கொண்டிருக்கின்றன.

இரண்டு பாஸ்போர்ட் இருந்தால் இரட்டை லாபம் என்று தோன்றும். 18 வயது ஆகட்டும், தெரியும். டென்மார்க்கில் கட்டாய ராணுவ சேவை உண்டு. 18 வயதான இளைஞர்களைப் பாதுகாப்பு நாள் என்று ஒரு நாள் அழைத்து, உடம்பைச் சோதித்து, சீட்டு எடுக்கச் சொல்வார்கள். 2025 ஜூலை 1-க்குப் பிறகு 18 வயது ஆகும் பெண்களுக்கும் இந்தக் கடமை உண்டு. அமெரிக்காவிலோ, 18 முதல் 25 வயது வரை உள்ள ஆண்பிள்ளைகளின் பெயர் ராணுவப் பதிவேட்டில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்தாலும் விடாது. இரட்டைக் குடியுரிமை இருந்தாலும் விடாது.

கறுப்பு ரொட்டி தின்று வளர்ந்த அந்த ஆறு வயதுப் பையனுக்கு இன்னும் பன்னிரண்டு ஆண்டு இருக்கிறது. டென்மார்க் அரசாங்கம் இப்போது தபாலில் எழுதுவதில்லை. கடிதம் தொலைபேசியிலேயே வரும். அமெரிக்க வரி ஆபீசின் கடிதம் இன்னும் காகித உறையில் வருகிறது. அதை அவன் அம்மா சமையலறை மேஜை இழுப்பறையில், இரண்டு பாஸ்போர்ட் படங்களோடு வைத்திருக்கிறாள். பையன் வாசலில் நின்று கூப்பிடுகிறான். சைக்கிள் பெட்டியில் தங்கை ஏறி உட்கார்ந்துவிட்டாளாம். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதாம். டேனிஷ் மொழியில்தான் கூப்பிடுகிறான்.